தங்கமா, வெறுங்கல்லா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி நகரை ஒட்டி, ‘சூப்பர் பிட்’ என்னும் மாபெரும் திறந்தவெளித் தங்கச் சுரங்கம் உள்ளது. ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பள்ளத்திலிருந்து லாரிகள் பாறைகளை ஏற்றிச் செல்கின்றன. அப்பாறைகளில் உள்ள தங்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்படியானால், எந்தப் பாறையை ஆலைக்கு அனுப்புவது? எதைக் கழிவுக் குவியலில் கொட்டுவது? இத்தகைய பெரிய சுரங்கங்களில் இக்கேள்விக்கு விடை தருவது தாது ஆய்வுக்கூடமாகும்.

பாறையை வெடிவைத்துத் தகர்ப்பதற்கு முன் அதில் துளைகள் இடப்படும். அப்போது வெளிவரும் கல்தூளே மாதிரியாகச் சேகரிக்கப்படுகிறது. ஒவ்வொரு மாதிரிப் பைக்கும் தனி எண் உண்டு. ஆய்வுக்கூடத்தில் மாதிரியை முதலில் உலர்த்துவர். பின்னர் நொறுக்கி, மாவுபோல் அரைப்பர். நன்கு கலந்த அத்தூளிலிருந்து 50 கிராம் அளவே சோதனைக்கு எடுக்கப்படும்.

அடுத்து நடப்பது நெருப்புச் சோதனை. தூளுடன் ஈய ஆக்சைடு, வெண்காரம், சலவைச் சோடா, கோதுமை மாவு ஆகியவற்றைக் கலப்பர். சிறிதளவு வெள்ளியும் சேர்ப்பதுண்டு. இக்கலவையை மூசை எனப்படும் களிமண் கலத்தில் இட்டு, ஏறக்குறைய 1,100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்குவர். மாவிலுள்ள கார்பன், ஈய ஆக்சைடை ஈயமாக மாற்றும். உருகிய ஈயம் தங்கத்தைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு அடியில் தங்கும். கல்லின் பகுதி கசடாக மேலே மிதக்கும். பிறகு, அந்த ஈயக் கட்டியை நுண்துளைகள் கொண்ட சிறு கிண்ணத்தில் வைத்து மீண்டும் சூடாக்குவர். ஈயம் ஆக்சைடாக மாறிக் கிண்ணத்தினுள் ஊறிவிடும். எஞ்சுவது தங்கமும் வெள்ளியும் கலந்த ஒரு சிறு மணி. வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து நீக்கி, மீதமுள்ள தங்கத்தை நுட்பமான கருவியால் அளப்பர்.

1 டன் பாறையில் 2 கிராம் தங்கம் இருந்தால், 50 கிராம் மாதிரியில் இருப்பது 0.0001 கிராம் மட்டுமே! முந்தைய மாதிரியின் தூசி சற்றே ஒட்டியிருந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும். அதன் விளைவாக, வெறுங்கல் ஆலைக்குச் செல்லலாம். தங்கம் உள்ள பாறை கழிவாகிவிடலாம். ஆகவே, ஆய்வாளர்கள் தங்கள் வேலையையும் சோதித்துக்கொள்கின்றனர். தங்கமே இல்லாத மாதிரியையும், தங்கத்தின் அளவு முன்பே தெரிந்த மாதிரியையும் இடையிடையே வைக்கின்றனர். ஒரே மாதிரியை இருமுறை சோதிப்பதும் உண்டு. இவற்றில் விடை பிசகினால், அந்தத் தொகுதி முழுவதும் மீண்டும் சோதிக்கப்படும்.

ஈயப் புகை நச்சுத்தன்மை உடையது. எனவே, உலைகளின் மேல் புகையை உறிஞ்சும் குழாய்கள் பொருத்தப்படுகின்றன. பணியாளர்களின் இரத்தத்தில் ஈயம் கலந்துள்ளதா என்றும் பரிசோதிக்கப்படுகிறது.

பாறையை ஏற்றிய லாரி ஓட்டுநருக்கு, அதில் தங்கம் இருக்கிறதா என்பது தெரியாது. ஆய்வுக்கூடம் தந்த எண்ணை நம்பியே அவரது வண்டி ஆலைப் பக்கமோ கழிவுக் குவியல் பக்கமோ திரும்புகிறது.