வேளாண்மையின் கலமும் வெட்டுகிற கையின் கலமும்

கிழக்கிலங்கையின் சம்மாந்துறை வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், விளைந்து நிற்கும் வேளாண்மை எனும் நெற்பயிர், அதை வெட்டுகிற மனிதன், வெட்டு முடிந்த வயலில் மேயும் எருமை, எல்லாமே கலங்களால் ஆனவை. உயிர் என்று சொல்லத்தக்க மிகச் சிறிய அலகு கலம்தான். மனிதனின் செங்குருதிக் கலம் ஏறத்தாழ 7 அல்லது 8 மைக்ரோமீற்றர் அகலம் கொண்டது. ஒரு மில்லிமீற்றருக்குள் நூற்றுக்கு மேற்பட்டவை வரிசையாக நிற்கும். தாவரக் கலங்கள் பெரும்பாலும் இதைவிடப் பெரியவை. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் முதன்முதலாகக் கண்டது செத்துப்போன கலங்களின் வெறும் சுவர்களை மட்டுமே. தாவரங்கள் கலங்களால் ஆனவை என்று 1838இல் ஷ்லைடனும், விலங்குகளும் அப்படியே என்று 1839இல் ஷ்வானும் நிறுவினர்.

நெல்லின் கலத்துக்கும் மனிதனின் கலத்துக்கும் பொதுவானவை ஏராளம். இரண்டையும் மெல்லிய கலமென்சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. உள்ளே குழியவுரு. அதன் நடுவே, அல்லது ஓரமாக, கரு. நெல்லின் கருவில் 24 நிறமூர்த்தங்கள், மனிதனின் கருவில் 46. அவற்றிலுள்ள டீ.என்.ஏ.யின் கட்டளைப்படி இறைபோசோம்கள் புரதங்களை ஆக்குகின்றன. அகமுதலுருச் சிறுவலை அவற்றைக் கடத்துகிறது. கொல்கி உபகரணம் பொதி கட்டிச் சேரவேண்டிய இடத்துக்கு அனுப்புகிறது.

சுவாசத்துக்குரிய இழைமணியும் இரண்டுக்கும் உரியதே. தாவரம் ஒளித்தொகுப்பு செய்கிறது, விலங்கு சுவாசிக்கிறது என்று பிரித்து மனனம் செய்யும் மாணவர்கள் பலர். அது சரியல்ல. நெற்பயிர் இரவும் பகலும் சுவாசிக்கிறது. தான் ஆக்கிய குளுக்கோசைத் தன் கலங்களிலேயே உடைத்து, பெரும்பாலும் இழைமணிகளின் துணையால் சக்தி பெறுகிறது. ஓயாது துடிக்கும் இதயத் தசைக் கலத்தின் கனவளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இழைமணிகளே நிரப்பியிருக்கின்றன.

இரண்டும் பிரிகிற இடம் வாழ்க்கை முறை. நெல் நட்ட இடத்தில் நின்று தன் உணவைத் தானே ஆக்குகிறது. எருமை நடந்துபோய்த் தேடித் தின்கிறது. கலத்திலுள்ள முக்கியமான வேறுபாடுகள் அனைத்தும் இதனோடு பொருந்திவருகின்றன.

தாவரக் கலத்துக்கு மென்சவ்வின் வெளியே செலுலோசாலான உறுதியான கலச்சுவர் உண்டு. பாடசாலை ஆய்வுகூடத்தில் வெங்காயத்தின் மெல்லிய உட்தோலை அயடீன் துளியிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நேரான விளிம்புகளுடன் கலங்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டி வரிசையாகத் தெரியும். கன்னத்தின் உட்புறத்தில் சுரண்டியெடுத்த கலங்களோ ஒழுங்கான உருவமின்றி, ஓரம் மடிந்து, தனித்தனியே மிதக்கும். சுவர் இருப்பதும் இல்லாததும் ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

முதிர்ந்த தாவரக் கலத்தின் பெரும்பகுதியைப் பிடித்திருப்பது நீர் நிறைந்த புன்வெற்றிடம். அது விரிந்து சுவரைத் தள்ள, சுவர் எதிர்த்து நிற்க, கலம் விறைப்படைகிறது. காற்றடித்த மோட்டார் சைக்கிள் டயர் போன்றதுதான் இது. ஆனால் கலத்தினுள் அமுக்கம் பெரும்பாலும் டயரிலுள்ளதையும் விஞ்சும். எலும்பில்லாத நாற்று நிமிர்ந்து நிற்பது இந்த நீரமுக்கத்தால். வாய்க்காலில் தண்ணீர் பிந்தும் நாட்களில் நெல்லிலை நீளவாக்கில் சுருள்வதை விவசாயிகள் நன்கறிவார்கள். இலையின் மேற்பரப்பில் வரிசையாக உள்ள சில பெரிய கலங்கள் நீரை இழந்து தளர்வதால் அது நேர்கிறது. சுருண்ட இலையில் வெயில் படும் பரப்புக் குறைவு, நீரிழப்பும் குறைவு.

உப்பு இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடும். வேரைச் சூழ்ந்த நீர் கலத்தின் சாற்றைவிடச் செறிவாகிவிட்டால், பிரசாரணத்தால் கலத்துக்குள் நீர் வருவதற்குப் பதிலாக வெளியேறத் தொடங்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கிழக்குக் கரையோரத்தில் கடல்நீர் ஏறிய வயல்கள் பாதிக்கப்பட்டதற்கு இது ஒரு காரணம். உப்பிலுள்ள சோடியம் கலத்துக்கே நஞ்சாவது மற்றொன்று. உப்பைத் தாங்கும் நெல்லினங்கள் சோடியத்தை இலைக்கு ஏறவிடாமல் மறிப்பதாலும், ஏறியதைப் புன்வெற்றிடத்துக்குள் ஒதுக்கிவைப்பதாலும் தப்புகின்றன.

நெல்லின் வேறு சில விசேடங்களும் கலத்தில்தான் இருக்கின்றன. அது மண்ணிலிருந்து சிலிக்காவை ஏராளமாக உறிஞ்சித் தன் மேற்தோற் கலங்களில் படியவைக்கிறது. இலையை உருவினால் கையை அறுப்பதும், உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காவாக இருப்பதும் அதனால்தான். வேரில் நடப்பது இன்னும் வியப்பானது. சேற்றுக்குள் ஒட்சிசன் அரிது. ஆகவே வேரின் மேற்பட்டைக் கலங்களில் ஒரு பகுதி தாமாகவே இறந்து கரைந்து, காற்று இறங்கிவரும் குழாய்களுக்கு இடம் விடுகிறது. சோளப்பயிர் அழுகிவிடும் தண்ணீரில் நெல் செழிப்பது, அதன் கலங்கள் சில உரிய நேரத்தில் செத்துக்கொடுப்பதால்.

பச்சையவுருமணி விலங்கில் இல்லை. சூரிய ஒளியைக் கொண்டு காபனீரொட்சைட்டையும் நீரையும் வெல்லமாக்கும் இடம் அது. நெல்லிலையின் உட்கலங்கள் மடல்மடலாக வளைந்தவை. அவற்றின் விளிம்பு முழுவதையும் பச்சையவுருமணிகள் ஏறக்குறைய இடைவெளியின்றி மூடியிருக்கும். இழைமணிகள் அதற்கு உட்புறமாக இருப்பதால், அங்கிருந்து கசியும் காபனீரொட்சைட்டில் ஒரு பகுதி வெளியேறுமுன் மீண்டும் பிடிபட்டு உணவாகிறது. இப்படிச் சேர்ந்த வெல்லம் கதிருக்குப் போய் அரிசியில் மாப்பொருளாகத் தங்குகிறது. நெல்லை அவித்துப் புழுக்கும்போது அந்த மாப்பொருள் மணிகள் நீரேறிப் பருத்து ஒன்றோடொன்று இறுகுகின்றன; புழுங்கலரிசி குத்தும்போது குறைவாக உடைவது அதனால்.

விலங்குக் கலத்துக்குச் சுவர் இல்லாதது குறை அல்ல. தசை சுருங்குவதும், வெண்குருதிக் கலம் உருமாறி நெளிந்துபோய் பற்றீரியாவை விழுங்குவதும் சுவர் இருந்தால் நடவாதவை. இடுப்பிலிருந்து கால் விரல்வரை ஒரே நரம்புக் கலத்தின் இழை நீள்கிறது. மனிதனின் செங்குருதிக் கலம் ஒட்சிசன் சுமப்பதற்காகத் தன் கருவையும் இழைமணிகளையும் கைவிட்டு, ஏறத்தாழ 120 நாட்கள் உழைத்து அழிகிறது.

தாவரத்தின் சுவர் விலங்குக்கு உணவாவதும் எளிதல்ல. செலுலோசை உடைக்கும் நொதியம் மனிதக் கலங்களிடம் இல்லை. எருமையிடமும் இல்லை, அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலை உடைத்துக் கொடுக்க, அது பாலாகி, தயிராகி வீட்டுக்கு வருகிறது.

பற்றீரியாவுக்கும் சுவர் உண்டு, ஆனால் அது செலுலோசால் ஆனதல்ல. பென்சிலினும் அமொக்சிசிலினும் அந்தச் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கின்றன; உள்ளமுக்கம் தாங்காமல் பற்றீரியா வெடித்துச் சாகிறது. மனிதக் கலத்துக்குச் சுவரே இல்லாததால் அதற்கு அந்த ஆபத்து இல்லை. வைரசுக்கும் சுவர் இல்லை. ஆகவே வைரசால் வரும் சாதாரணத் தடிமனுக்கு இந்த மருந்தைக் கேட்டு வாங்கி விழுங்குவதில் ஒரு பயனும் இல்லை.