ஓருடலில் இருவர்

உடல் ஒட்டிப் பிறந்த இரட்டையர் ஒருவரோ, இருவரோ என்னும் வினா, அவர்கள் வளர்ந்து வாழத் தொடங்குங்காலே கூர்மையுறும். சியாமிற் பிறந்த சாங், எங் என்போர் அமெரிக்காவில் 1843இல் மணம்புரிந்து, பின்னர் இரு மனைகளிலும் மும்மூன்று நாள் மாறி வாழ்ந்தனர். எவர் மனையோ அவர் விருப்பே அங்கு நடந்தது.

2003இல் தில்லியிற் பிறந்த சோனா, மோனா என்போர்க்கு இதயம், கைகள், முண்ணாண் வெவ்வேறு. ஈரலும் கால்களும் பொது. பிரித்தல் உயிர்க்கு ஊறாகுமென மருத்துவர் விடுத்தனர். அமிர்தசரஸ் நகர்ப் பிங்கல்வாரா அறநிலையத்தில் வளர்ந்து, மின்தொழில் பயின்று, 2021இல் பஞ்சாப் மாநில மின்சார நிறுவனத்திற் பணியேற்றனர். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் இருவரும் தனித்தனி வாக்களித்தனர். ஒருவர் வாக்கை மற்றவர் காணாவண்ணம் கண்களுக்கு மறைப்பும் அளிக்கப்பட்டது. உடல் இணைந்திருப்பினும் குடிமக்கள் இருவரே என்பதை அரசு இதனால் ஏற்றுக்கொண்டது.