உங்களுக்குத் தெரியுமா? டென்னிஸ் சர்வீஸின் வேகம் காலில் தொடங்குகிறது

● டென்னிஸில் ஏடிபி அமைப்பு ஏற்றுக்கொண்ட அதிவேக சர்வீஸ் மணிக்கு 253 கிலோமீட்டர். 2016 மார்ச்சில் மெல்போர்னில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் அமெரிக்காவின் ஜான் ஐஸ்னர் போட்டது. அவர் உயரம் 208 சென்டிமீட்டர். ஆரணியிலோ வேலூரிலோ ஞாயிறு காலையில் மட்டும் மட்டையைத் தொடுகிற ஒருவர் 130-ஐ எட்டினாலே நல்ல சர்வீஸ்தான். இந்தப் பக்கம் அவருக்காக.

● சர்வீஸ் போடும் கோட்டிலிருந்து வலை 11.885 மீட்டர் தூரம். வலையைத் தாண்டி 6.40 மீட்டரில் சர்வீஸ் கட்டம் முடிந்துவிடுகிறது. வலையின் நடு உயரம் 91.4 செ.மீ. இந்த மூன்று எண்களை வைத்துப் பள்ளிக்கூட முக்கோணக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பந்து நூல் பிடித்தாற்போல் நேராகப் போய், வலையைத் தாண்டி, கட்டத்துக்குள் விழ வேண்டுமென்றால் தரையிலிருந்து குறைந்தது 2.61 மீட்டர் உயரத்தில் அது அடிபட வேண்டும்.

கையை நீட்டி மட்டையோடு எட்டுகிற உயரம், ஆளின் உயரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 165 செ.மீ. ஆளுக்கு 2.48 மீட்டர். ஆக, நம்மில் பெரும்பாலோருக்கு நேர்க்கோட்டு சர்வீஸ் கணக்கிலேயே கிடையாது! பந்தைக் கட்டத்துக்குள் இறக்கித் தருவது புவியீர்ப்பும், பந்து முன்னோக்கி உருளும் மேல்சுழலும்தான். வேகம் கூடக் கூடப் புவியீர்ப்புக்குக் கிடைக்கிற நேரம் குறைகிறது. அதனால் வேகத்தோடு சுழலும் சேர்ந்து கூட வேண்டும். வேகத்தை மட்டும் கூட்டுகிறவர் எதிராளிக்கு இலவசப் புள்ளிகளைத்தான் கூட்டுகிறார்.

உயரம் குறைவு என்று மனம் தளர வேண்டாம். அர்ஜென்டினாவின் டியேகோ ஷ்வார்ட்ஸ்மன் 170 செ.மீ.தான். 2020-ல் உலகத் தரவரிசையில் 8-ஆம் இடத்துக்கு வந்தார்.

● "தோள் பலம் இருந்தால் சர்வீஸ் பறக்கும்" என்பது கோர்ட் ஓரத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு. அமெரிக்க விளையாட்டு மருத்துவர் பென் கிப்ளர் 1990-களில் போட்ட கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. சர்வீஸுக்கான ஆற்றலில் பாதிக்கு மேல் கால், இடுப்பு, உடற்பகுதி இவற்றிலிருந்து வருகிறது. தோளின் பங்கு சுமார் 13 சதவீதம்.

பட்டு நெசவு தெரிந்த ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்கத் தறியே போதும். குழித்தறியில் கால் மிதித்து, பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரிந்த பிறகுதான் கை கயிற்றை இழுக்கும், நாடா ஓடும். கால் பிந்தினால் நாடா நூலில் மோதும், இழை அறும். சர்வீஸிலும் அதே வரிசைதான்: முழங்கால் மடங்கி நிமிர்கிறது, இடுப்பு திரும்புகிறது, மார்பு திரும்புகிறது, பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு. காலை மரக்கட்டைபோல் ஊன்றிக்கொண்டு கையை மட்டும் வீசுகிறவர், பாதிக்கு மேற்பட்ட ஆற்றலைத் தரையிலேயே விட்டுவிட்டு வருகிறார். பிறகு அந்தக் குறையையும் தோளே ஈடுகட்டப் பார்க்கும். வலி ஆரம்பிப்பது அங்கேதான்.

● அப்படியென்றால் தோளுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அதுவும் பயங்கரமான வேலை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆடிய வீரர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். ஆண்களின் மேற்கை உள்நோக்கித் திரும்பும் உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 2,400 பாகை. அதே வேகம் ஒரு முழு வினாடி நீடித்தால் கை ஆறரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும்! கால் தந்த ஆற்றலைக் கடைசியில் மட்டைக்குக் கொண்டுசேர்ப்பது இந்தத் திருப்பம்தான்.

● 1950-களின் விதிப்படி சர்வீஸ் போடுபவர் ஒரு காலையாவது தரையில் வைத்திருக்க வேண்டும். துள்ளிக் குதித்துப் போடும் இன்றைய சர்வீஸ் அன்று தவறு. 1960-களின் தொடக்கத்தில்தான் அந்தக் கட்டு தளர்ந்தது.

● உடற்பயிற்சியால் வேகம் எவ்வளவு கூடும்? "மாதத்தில் 30 கிலோமீட்டர் கூட்டித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 22 கல்லூரி ஆட்டக்காரர்கள். அவர்களில் ஒரு பிரிவினர் ரப்பர் பட்டையையும் சிறிய டம்பெல்லையும் வைத்து நான்கு வாரம் தோள் பயிற்சி செய்தார்கள். அவர்களது உச்ச வேகம் 6 சதவீதம் கூடியது.

ஆறு சதவீதம் என்றால் அற்பமாகத் தோன்றலாம். 120 கிலோமீட்டர் சர்வீஸ் 127 ஆகும், அவ்வளவுதான். ஆனால் எதிராளியின் பக்கம் நின்று பாருங்கள். பந்து அவர் பக்கம் விழுவதற்குள் அவருக்கு 0.03 வினாடி குறைகிறது. அந்த நேரத்தில் பந்து ஒரு மீட்டர் தூரம் கூடுதலாக வந்துவிடும். நேற்று நடு மட்டையில் பட்ட பந்து இன்று விளிம்பில் படுவதற்கு அந்த ஒரு மீட்டர் தாராளம்.

● எந்தப் பயிற்சி என்பதும் முக்கியம். 15 வயதை ஒட்டிய 36 சிறுவர்களை வைத்து ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவு ஜிம் இயந்திரங்களில் எடை இழுத்தது. இன்னொரு பிரிவு குதிப்பது, எறிவது போன்ற வெடிப்புப் பயிற்சிகளைச் செய்தது. எட்டு வாரத்துக்குப் பிறகு சர்வீஸ் வேகம் குறிப்பிடும்படி கூடியது இரண்டாவது பிரிவுக்குத்தான். உட்கார்ந்து இழுத்தவர்களுக்குப் பலம் ஏறியது, பந்து ஏறவில்லை.

இதற்காக எடைப் பயிற்சியே வீண் என்று முடிவு கட்ட வேண்டாம். 2000-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் 24 கல்லூரிப் பெண்கள் ஒன்பது மாதம் பயிற்சி செய்தார்கள். பல சுற்றுகளாக, எடையையும் எண்ணிக்கையையும் மாற்றி மாற்றிச் செய்தவர்களுக்கு சர்வீஸ் வேகம் நன்றாகக் கூடியது. ஒரே சுற்றோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு அப்படி இல்லை. என் கணிப்பு இதுதான்: முதலில் சில மாதம் அடிப்படை பலம், அதன்மேல் எறிதலும் குதித்தலும். வரிசையை மாற்றினால் முழங்காலும் தோளும் கணக்குக் கேட்கும்.

● கர்லாக்கட்டை சுழற்றுவது ஒரு காலத்தில் ஒலிம்பிக் போட்டி! 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சலிஸ் இரண்டிலும் ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவில் அதற்குப் பதக்கம் உண்டு. நம் ஊர் உடற்பயிற்சிச் சாலைகளிலிருந்து பிரிட்டிஷ் ராணுவத்தார் கண்டு எடுத்துக்கொண்டு போன பயிற்சி அது. தலைக்குப் பின்னால் கட்டை இறங்கி ஏறும் பாதையும், சர்வீஸில் மட்டை முதுகுப் பக்கம் இறங்கி ஏறும் பாதையும் ஏறத்தாழ ஒன்றே. தோளை எல்லாத் திசையிலும் பழக்க இதைவிட மலிவான கருவி இல்லை. இலேசான கட்டையில் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

● ஆரணி அரிசி மூட்டை இப்போது 26 கிலோ சிப்பமாக வருவது ஏன்? 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு ஜிஎஸ்டி வந்தது. ஒரு கிலோ கூட்டிக் கட்டினால் வரி இல்லை! அந்தச் சிப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்கி எடுத்தால் காலுக்கு வேண்டிய பயிற்சி வீட்டிலேயே முடிந்துவிடும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. வெறும் பஸ்கியே முழுதாக வராதவர் சிப்பத்தைச் சமையலறையிலேயே விட்டுவிடலாம்.

மற்ற சாமான்களும் எளிதுதான். சைக்கிள் டியூபை வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டினால் ரப்பர் பட்டை தயார். பழைய பந்துக்குள் துணியும் மணலும் அடைத்துத் தைத்தால் மெடிசின் பால். மளிகைக்கடைத் தராசில் 2 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதை இரு கையாலும் தலைக்கு மேல் தூக்கித் தரையில் ஓங்கி அடிப்பது, பக்கவாட்டில் இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறிவது என இரண்டும் சர்வீஸுக்கு நேரடியாக உதவும். எட்டு எறிதல், ஓய்வு, மறுபடி எட்டு. களைத்துப்போய் மெதுவாக எறிவதில் பயன் இல்லை. வேகம் குறைந்த கணமே நிறுத்திவிடலாம்.

● பட்டு நெசவாளர், கணக்கர், ஆசிரியர், மொபைல் பார்க்கிற நாம் எல்லாரும் நாள் முழுக்கச் செய்வது ஒன்றே: முன்னால் குனிவது. மார்புத் தசை சுருங்கி, முதுகு வளைந்து, தோள்பட்டை எலும்பு முன்னால் நகர்ந்துவிடுகிறது. அந்தத் தோளோடு நேராகக் கோர்ட்டுக்குப் போய்க் கையைத் தலைக்கு மேல் வீசினால் உள்ளே தசைநார் இடிபடும். தறியை விட்டு எழுந்தவர் முதலில் செய்ய வேண்டியது முதுகுப் பயிற்சி: டியூபைப் பிடித்துப் பின்னால் இழுப்பது, தோள்பட்டைகளை ஒன்றோடொன்று நெருக்குவது. தண்டால் மட்டுமே எடுப்பவருக்கு மார்பு இன்னும் இறுகும். ஒரு தண்டாலுக்கு இரண்டு இழுப்பு என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

● கையை வீசுவதற்கு ஒரு தசைக் கூட்டம் என்றால், வீசிய கையை நிறுத்துவதற்கு இன்னொரு கூட்டம் தோளின் பின்புறத்தில் இருக்கிறது. முன்னதன் பலத்தில் முக்கால் பங்கை ஒட்டியாவது பின்னதற்கு இருக்க வேண்டும் என்பார்கள் தோள் சிகிச்சை நிபுணர்கள். வேகத்தை ஏற்றிவிட்டு நிறுத்தும் தசையை மறந்தவர்கள் பெரிய பெயர்களிலும் உண்டா என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் தோள் யாரையும் விட்டுவைப்பதில்லை. மரியா ஷரபோவாவுக்கு 2008 அக்டோபரில் வலத்தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பி வந்த பிறகு டபுள் ஃபால்ட் நெடுநாள் அவரைத் துரத்தியது. சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன், 2010 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். 2012-ல் தோள் காயத்தால் பல மாதம் வெளியே உட்கார்ந்தார்.

மருந்து எளிது. முழங்கையை விலாவோடு ஒட்டி, நடுவே மடித்த துண்டை வைத்து, டியூபை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். 15 முறை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். பார்க்க ஒன்றுமில்லாத பயிற்சி. ஆறாவது வாரத்தில் அருமை தெரியும்.

● சென்னை நுங்கம்பாக்கம் அரங்கில் 2012 சென்னை ஓப்பனை வென்ற கனடாவின் மிலோஸ் ராவ்னிச், போட்டி முழுவதிலும் ஒருமுறைகூடத் தன் சர்வீஸை இழக்கவில்லை. இறுதியாட்டத்தில் யாங்கோ டிப்சாரெவிச்சோடு மூன்று செட்டும் டைபிரேக்கரில் முடிந்தன. சர்வீஸ் ஒன்றாலேயே ஒரு வாரத்தை நடத்திவிடலாம் என்பதற்குச் சென்னை ரசிகர்கள் நேரில் கண்ட சாட்சி.

● அதே சென்னை உலகுக்குத் தந்த பாடம் இதற்கு நேர் எதிரானது. ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார், 1960, 1961 இரு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி ஆடினார். அவருடைய சர்வீஸ் மெதுவானது. இடம் பார்த்து வைப்பதுதான் அவர் பலம். 1961 காலிறுதியில் ராய் எமர்சனையே வீழ்த்தினார். இரு அரையிறுதிகளிலும் அவரைத் தோற்கடித்தவர்கள் நீல் ஃப்ரேசரும் ராட் லேவரும். இருவரும் இடக்கைக்காரர்கள், இருவரும் அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள்.

மகன் ரமேஷ் கிருஷ்ணனின் சர்வீஸையும் யாரும் வேகத்துக்காகப் புகழ்ந்ததில்லை. ஆனாலும் 1986-ல் விம்பிள்டன் காலிறுதி, 1981, 1987-ல் அமெரிக்க ஓப்பன் காலிறுதி. 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய உலக முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை வெளியேற்றினார். இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போன 1966-ல் அப்பா அணியில் இருந்தார், 1987-ல் மகன் இருந்தார். பந்து எங்கே விழுகிறது என்பதை எந்த வேகமானியும் காட்டாது.

● கிருஷ்ணன்களின் பாணிக்கு மாறான ஆட்டமும் சென்னையில் உண்டு. உயரமான விஜய் அமிர்தராஜ் சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடினார். இன்றைய தலைமுறையில் ராம்குமார் ராமநாதனுக்கு சர்வீஸ்தான் முதல் ஆயுதம். 2017-ல் துருக்கியின் அன்டால்யா புல்தரையில் உலகின் 8-ஆம் நிலை வீரர் டொமினிக் தீமை நேர் செட்டில் வென்றார்.

● வேகத்தை அளக்க ரேடார் துப்பாக்கி தேவையில்லை. மொபைலில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனை வைத்து, மட்டையில் பட்டதிலிருந்து பந்து தரையில் படும்வரை எத்தனை படம் என்று எண்ணுங்கள். நடுக்கோட்டின் முனைவரை தூரம் சுமார் 18.5 மீட்டர். 144 படம் ஓடினால் 0.6 வினாடி, சராசரி வேகம் மணிக்கு 111 கிலோமீட்டர். காற்று பந்தை வழியில் மெதுவாக்குவதால், மட்டையை விட்டுக் கிளம்பிய வேகம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே டிவியில் காட்டும் எண்ணோடு இதை ஒப்பிட வேண்டாம். போன மாதத்து உங்கள் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

● பத்து சர்வீஸ் படம்பிடித்து, எத்தனை கட்டத்துக்குள் விழுந்தன என்பதையும் வேகத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். வேகம் ஏறி, உள்ளே விழும் எண்ணிக்கை இறங்கினால் அந்த வாரம் எறிதலைக் குறைத்துச் சுழலைப் பழகுங்கள். கையைத் தூக்கும்போது தோளில் குத்தல் இருந்தாலோ, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாமல் போனாலோ, மட்டையையும் டியூபையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.