சேமப்படைப் பிரிவில் சமூக வாழ்வும் வீரர் நலமும்: அமெரிக்கத் தேசியக் காவற்படை

சேமப்படை என்பது, தமக்கென ஒரு தொழிலை வைத்துக்கொண்டு, ஆண்டில் சில நாள்கள் மட்டும் படைப்பயிற்சி பெற்று, அரசு அழைக்கும்போது முழுநேரப் பணிக்குச் செல்லும் வீரர்களைக் கொண்ட படையாகும். நாளிதழ்கள் இதனை ரிசர்வ் படை என்று எழுதுகின்றன. ஓய்வுபெற்ற படைவீரரும் சேமப்படை வீரரும் ஒன்றல்லர். ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய படைகள் பல உள்ளன. மாநிலங்களோடு இணைந்த தேசியக் காவற்படையும், மத்திய அரசின்கீழ் மட்டும் இயங்கும் தரைப்படைச் சேமப்படையும் அவற்றுள் முக்கியமானவை. ஒரு சேமப்படைப் பிரிவில் வீரர்களும் அவர்களது குடும்பங்களும் எவ்வாறு ஒரு சமூகமாக வாழ்கின்றனர், போருக்குச் சென்று திரும்பும் வீரரின் உடல், மன நலத்தை யார் பார்த்துக்கொள்கின்றனர் என்பவற்றை இக்கட்டுரை பெரும்பாலும் தேசியக் காவற்படையை வைத்து விளக்குகிறது.

மாதத்திற்கு ஒரு வார இறுதி

தேசியக் காவற்படை தன் வரலாற்றை 1636 டிசம்பர் 13 அன்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் அமைக்கப்பட்ட ஊர்ப்படைகளிலிருந்து கணக்கிடுகிறது. சாதாரண நாள்களில் இப்படை மாநில ஆளுநரின் ஆணைக்கு உட்பட்டது. (அமெரிக்காவில் ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு ஒப்பானவர்.) வெள்ளம், பனிப்புயல், காட்டுத்தீ ஆகியவற்றின்போது அவர் படையை அழைக்கிறார். குடியரசுத் தலைவர் அழைத்தால், அதே வீரர்கள் நாட்டின் தரைப்படையோடு சேர்ந்து வெளிநாட்டுப் போர்முனைக்குச் செல்ல வேண்டும்.

வழக்கமான பயிற்சி, மாதத்தில் ஒரு சனி, ஞாயிறும் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு வாரமும் ஆகும். ஒரு வார இறுதி நான்கு பயிற்சி வேளைகளாகக் கணக்கிடப்படும். ஆண்டுக்கு 48 வேளைகள். இரண்டு நாள் வந்தாலும் நான்கு நாள் ஊதியம் கிடைப்பது இந்தக் கணக்கினால்தான். வெள்ளிக்கிழமை வரை பள்ளி ஆசிரியராகவோ, லாரி ஓட்டுநராகவோ, செவிலியராகவோ, கல்லூரி மாணவராகவோ இருந்தவர் சனிக்கிழமை காலை ‘ஆர்மரி’ எனப்படும் படைக்கூடத்தில் சீருடையோடு வரிசையில் நிற்பார். ஞாயிறு மாலை வீடு திரும்புவார். சிலர் இதற்காகவே பல மணிநேரம் கார் ஓட்டி வருகின்றனர்.

முழுநேரப் படைவீரர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் பெறுகிறார். சேமப்படை வீரர் பெரும்பாலும் ஒரே பிரிவில் பத்து, இருபது ஆண்டுகள் இருக்கிறார். அண்ணன் தம்பியரும் ஒரே பிரிவில் இருப்பதுண்டு. சார்ஜண்ட் ஊரில் பள்ளி விளையாட்டுப் பயிற்சியாளராகவும், அவருக்குக் கீழே நிற்கும் இளைஞன் அவரிடம் படித்தவனாகவும் இருக்கலாம். ஆண்டுக்கொரு முறை குடும்ப நாள் கொண்டாடுவார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் படைக்கூடத்திலேயே விருந்து நடக்கும். இந்த நெருக்கம் முழுநேரப் படையில் எளிதில் அமைவதில்லை.

ஆனால் முழுநேர வீரருக்கு உள்ள ஒரு வசதி இவருக்கு இல்லை. முழுநேர வீரரின் குடும்பம் படைமுகாமிலோ அதன் அருகிலோ வாழ்கிறது. மருத்துவமனை, கடை, குழந்தைகள் காப்பகம் எல்லாம் உள்ளேயே இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவரும் போர்முனையில் இருப்பார். ஒருத்தி துன்பம் மற்றவளுக்குச் சொல்லாமலே தெரியும். சேமப்படை வீரரின் குடும்பம் எங்கோ ஒரு சிற்றூரில் இருக்கிறது. அந்தத் தெருவில் படைக்குப் போனவர் அவர் ஒருவர்தான். வகுப்பில் தந்தை போர்முனையில் இருக்கும் குழந்தை ஒன்றே ஒன்றாக இருக்கலாம். அது வகுப்பு ஆசிரியருக்குத் தெரியாமலும் போகலாம்.

ஒரே ஊர்ப் பிள்ளைகள்

ஊரோடு ஒட்டிய படைப்பிரிவு ஊருக்கு என்ன விலை வைக்கும் என்பதற்கு வர்ஜீனியா மாநிலத்தின் பெட்போர்டு நகரம் எடுத்துக்காட்டு. அந்நகர இளைஞர்கள் 116ஆம் காலாட்படைப் பிரிவின் ‘ஏ’ கம்பெனியில் இருந்தனர். பொருளாதாரம் சரிந்திருந்த 1930களில் பயிற்சிக்குக் கிடைத்த சில டாலர்கள் அவர்களுக்குப் பெரிய உதவியாக இருந்தன. 1941 பிப்ரவரியில் கம்பெனி மத்திய அரசின் பணிக்கு அழைக்கப்பட்டது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாகா கடற்கரையில் முதல் அலையிலேயே இறங்கியது. அன்று ஒரே நாளில் பெட்போர்டுப் பிள்ளைகள் கிட்டத்தட்ட 20 பேர் இறந்தனர். நகரத்தின் மக்கள்தொகை அப்போது சுமார் 3,200. ஒரே வீட்டின் மகன்கள் இருவரும் அவர்களுள் இருந்தனர். ஆறு வாரங்கள் செய்தி ஏதுமில்லை. ஜூலை 17 அன்று நகர மருந்துக்கடையில் இருந்த தந்தி இயந்திரத்தில் இறப்புச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. தேசிய டி-டே நினைவுச்சின்னம் இந்த நகரத்தில்தான் அமைக்கப்பட்டு 2001 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது.

பெட்போர்டில் துயரம் ஊர் முழுவதற்கும் பொதுவாக இருந்தது. யார் வீட்டில் என்ன நேர்ந்தது என்று எல்லோரும் அறிந்திருந்தனர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நிலைமை வேறு. அதன்பின் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட தேசியக் காவற்படையினரும் சேமப்படையினரும் பணிக்கு அழைக்கப்பட்டனர். ஆயினும் கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாததால், பெரும்பாலான குடும்பங்களுக்கு ஈராக்கும் ஆப்கானிஸ்தானும் தொலைக்காட்சிச் செய்தியாகவே இருந்தன.

வீடு திரும்பிய பின்

வீரர் நலம் என்றால் போர்முனையில் என்ன நேர்கிறது என்றே பலர் நினைப்பர். சேமப்படையைப் பொறுத்தவரை திரும்பி வந்த பிந்தைய மாதங்களே கடினமானவை. முழுநேர வீரர் விடுப்பு முடிந்து திங்கட்கிழமை அதே தோழர்களோடு அதே முகாமில் நிற்கிறார். சேமப்படை வீரர் சில நாள்களில் ஆயுதத்தை ஒப்படைத்து, படிவங்களை நிரப்பி, வீடு போய்ச் சேர்கிறார். ஓராண்டு ஒன்றாக உண்டு உறங்கியவர்கள் மாநிலம் முழுவதும் சிதறிவிடுகின்றனர்.

2007 நவம்பரில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியான ஓர் ஆய்வு இதனை எண்களில் காட்டியது. ஈராக்கிலிருந்து திரும்பிய 88,235 தரைப்படை வீரர்கள் இருமுறை நிரப்பிய நலப் படிவங்கள் ஒப்பிடப்பட்டன. ஒன்று திரும்பிய உடனே நிரப்பியது. மற்றது ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து நிரப்பியது. முதல் படிவத்தில் முழுநேர வீரருக்கும் சேமப்படை வீரருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டாம் முறையில், இரு படிவங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, மனநல உதவி தேவைப்படுவோர் முழுநேர வீரருள் 20.3 விழுக்காடு, சேமப்படையினருள் 42.4 விழுக்காடு. குடும்பத்தினரோடும் பிறரோடும் சச்சரவு ஏற்படுவதாகச் சொன்னவர்கள் நான்கு மடங்காகப் பெருகியிருந்தனர்.

முதல் படிவம் ஏன் எதையும் காட்டவில்லை என்பது மனித இயல்பு அறிந்தவருக்குப் புரியும். வாசலில் மனைவி மக்கள் காத்திருக்கும்போது, ‘தூக்கம் வருகிறதா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினால் இன்னும் சில நாள் நிறுத்திவைப்பார்களோ என்று அஞ்சி ‘நன்றாக இருக்கிறேன்’ என்று குறித்துவிட்டுக் கிளம்புகின்றனர். இரண்டாம் எண்ணை விளக்குவதிலும் கவனம் வேண்டும். திரும்பிய சேமப்படை வீரருக்கு இராணுவ மருத்துவக் காப்பீடு 180 நாள்களுக்கே தொடர்ந்தது. அது முடியும் தறுவாயில் இரண்டாம் படிவம் வந்ததால், மருத்துவம் கிடைக்கட்டும் என்று குறைகளை வெளிப்படையாகச் சொன்னவர்களும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். எப்படிப் பார்த்தாலும் சொல்ல ஒரு வாய்ப்பு தேவைப்பட்டது என்பது தெளிவு.

மினசோட்டாவின் முயற்சி

அந்த வாய்ப்பை ஏற்படுத்துவதில் முன்னோடியாக இருந்தது வடக்கே உள்ள மினசோட்டா மாநிலம். அம்மாநிலத்தின் 34ஆம் காலாட்படை டிவிஷனைச் சேர்ந்த முதலாம் பிரிகேட், ‘செங்காளைகள்’ என்று அழைக்கப்படுவது, 2005 இலையுதிர் காலத்தில் பணிக்கு அழைக்கப்பட்டது. மிசிசிப்பியில் பயிற்சி முடித்து 2006 வசந்தத்தில் ஈராக் சென்றது. திரும்ப வேண்டிய நாள் நெருங்கியபோது, 2007 ஜனவரியில், பணி மேலும் 125 நாள் நீட்டிக்கப்பட்டது. மினசோட்டாவைச் சேர்ந்த சுமார் 2,600 வீரர்கள் ஜூலையில் ஊர் திரும்பியபோது, வீட்டைவிட்டுச் சென்று ஏறத்தாழ 22 மாதங்கள் ஆகியிருந்தன.

அதுவரை ஒரு வழக்கம் இருந்தது. திரும்பிய சேமப்படையினருக்கு முதல் மூன்று மாதம் படைக்கூடப் பயிற்சியிலிருந்து விலக்கு. குடும்பத்தோடு இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் தோழர்கள் மிகவும் தேவைப்படும் அந்த மூன்று மாதத்தில் ஒருவரையொருவர் பார்க்காமலே இருக்கச் செய்தது அது. மினசோட்டாத் தேசியக் காவற்படை, தளபதி லாரி ஷெல்லிட்டோ, படைக்குரு ஜான் மாரிஸ் ஆகியோரின் முயற்சியால், அந்த வழக்கத்தை மாற்ற அனுமதி பெற்றது. 30, 60, 90ஆம் நாள்களில் வீரர்கள் ஊதியத்தோடு கூட்டப்பட்டனர். முதல் கூட்டம் குடும்பத்தோடு. கணவர் இல்லாத காலத்தில் வரவு செலவு, வீட்டுப் பழுது, பிள்ளைகளைக் கண்டிப்பது என எல்லாவற்றையும் ஒற்றையாளாகப் பார்த்துக்கொண்ட மனைவியிடமிருந்து பழைய பொறுப்புகளை ஒரே நாளில் திரும்பப் பெற முடியாது என்பது போன்ற நடைமுறைச் செய்திகள் அங்கே பேசப்பட்டன. இரண்டாவது கூட்டம் குடி, கோபம், சூதாட்டம், வாகனம் ஓட்டும் முறை பற்றியது. சாலையோர வெடிகுண்டுக்கு அஞ்சி ஈராக்கில் சாலையின் நடுவே விரைந்து ஓட்டிப் பழகியவர், சொந்த ஊரிலும் பாலத்தைக் கண்டால் தடம் மாறுகிறார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் மனைவிக்குக் காரணம் விளங்குவதில்லை. மூன்றாவது கூட்டம் வீரர்களுக்கு மட்டும். நலப் பரிசோதனை அப்போதுதான் நடந்தது.

இத்திட்டத்திற்கு ‘மஞ்சள் நாடாவுக்கு அப்பால்’ என்று பெயரிட்டனர். தொலைவில் இருப்பவர் நலமாகத் திரும்ப வேண்டும் என்று மரத்தில் மஞ்சள் நாடா கட்டும் வழக்கம், 1979இல் ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணைக்கைதிகளான பின் பரவியது. நாடா கட்டுவதோடு கடமை முடியவில்லை என்பதே பெயரின் பொருள். காவல்துறையினர், மதகுருமார், ஆசிரியர், முதலாளிகள் ஆகியோருக்குத் தனியே பயிற்சி அளிக்கப்பட்டது. சிற்றூர்களில் தன்னார்வக் குழுக்கள் அமைந்தன. வீரர் இல்லாத வீட்டின் வாசலில் பனியை அள்ளுவது, புல் வெட்டுவது, கார் பழுது பார்ப்பது முதலியவற்றை அவை ஏற்றுக்கொண்டன. மினசோட்டாவின் குளிர்காலத்தைப் பற்றிப் படித்தவர்கள், பனி அள்ளுவதைச் சிறு உதவி என்று எண்ணமாட்டார்கள். 2008 ஜனவரியில் கையெழுத்தான பாதுகாப்புத்துறைச் சட்டம், இதே முறையிலான மீள்இணைப்புத் திட்டத்தை நாடு முழுவதும் தேசியக் காவற்படைக்கும் சேமப்படைகளுக்கும் கட்டாயமாக்கியது.

குடும்பக் குழு, படைக்குரு, வேலை

ஒவ்வொரு பிரிவிலும் வீரர் குடும்பங்களைக் கொண்ட தன்னார்வக் குழு ஒன்று உண்டு. அதனை நடத்தும் பொறுப்பு பிரிவின் தலைவரைச் சேர்ந்தது. ஒருவர் ஐந்து பேருக்கும், அந்த ஐவர் மேலும் ஐந்தைந்து பேருக்கும் தொலைபேசியில் செய்தி சொல்லும் ஏற்பாடு இதன் முதுகெலும்பாக இருந்தது. வதந்தி பரவும் முன் சரியான செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். மனைவிமார் சங்கம் என்ற எண்ணம் ஏற்பட்டுவிட்டதால், மணமாகாத வீரர்களின் பெற்றோர் இதிலிருந்து ஒதுங்கி நின்றது ஒரு குறை. பின்னர்க் குழுவின் பெயரிலேயே ‘வீரர்’ என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது.

படைக்குரு மதச் சடங்குகளுக்காக மட்டும் இருப்பவரல்லர். அவரிடம் அந்தரங்கமாகச் சொன்னதை மேலதிகாரியிடமும் அவர் வெளியிடக்கூடாது. பதவி உயர்வு பாதிக்கும் என்று மருத்துவரிடம் போகத் தயங்குபவர், மத நம்பிக்கை இல்லாதவராயினும், அவரிடம் பேசுகிறார். தற்கொலை எண்ணம் உள்ள தோழரிடம் நேரடியாகக் கேள், அக்கறை காட்டு, தனியே விடாமல் உதவி கிடைக்குமிடத்திற்கு உடன் அழைத்துச் செல் என்ற மூன்றும் தரைப்படையின் ஒவ்வொரு வீரருக்கும் கற்பிக்கப்படுகின்றன. தோழர் நூறு மைல் தள்ளி வாழும் சேமப்படையில் மூன்றாவதைச் செய்வது அவ்வளவு எளிதல்ல. இன்று 988 என்ற எண்ணை அழைத்து 1 என்ற பொத்தானை அழுத்தினால் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி நாட்டின் எப்பகுதியிலும் கிடைக்கும். போர்முனையிலிருந்து திரும்பியவர் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் சிகிச்சைக்குப் பதிவு செய்துகொள்ளும் சலுகைக் காலம் 2008இல் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டாகவும், 2022இல் பத்து ஆண்டாகவும் நீட்டிக்கப்பட்டது.

மனநலத்தில் வேலைக்கும் பங்குண்டு. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, படைப்பணிக்குச் சென்றவரை முதலாளி திரும்ப ஏற்றுக்கொள்ள வேண்டும். போகாமல் இருந்திருந்தால் எந்த நிலைக்கு உயர்ந்திருப்பாரோ அந்த நிலையே தரப்பட வேண்டும். 180 நாளுக்கு மேல் பணியாற்றியவர் 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும். முதலாளிக்கும் வீரருக்கும் இடையே பிணக்கு எழுந்தால் பேசித் தீர்க்க 1972 முதல் தன்னார்வலர் அமைப்பு ஒன்று உள்ளது. சொந்தக் கடை வைத்திருந்தவருக்கு இச்சட்டம் கைகொடுப்பதில்லை. ஓராண்டு பூட்டிக் கிடந்த கடைக்கு வாடிக்கையாளர்களைத் திரும்ப அழைத்துவரும் சட்டம் எதுவும் கிடையாது.

மேற்சொன்ன ஏற்பாடுகள் யாவும், வீரர் தம் பிரிவோடு போய் அதனோடு திரும்புவார் என்ற எண்ணத்தில் அமைந்தவை. நடைமுறையில் ஒரு பிரிவில் ஆள் குறையும்போது வேறு பிரிவுகளிலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் வீரர்களைச் சேர்த்து எண்ணிக்கையை நிரப்புகின்றனர். அப்படிப் போனவர் திரும்பிவரும்போது, அவரோடு போரிட்டவர்கள் வேறு மாநிலத்தில் இருக்கின்றனர். அவரது பழைய படைக்கூடத்தில் இருப்பவர்களோ அவரோடு போகாதவர்கள். குடும்பக் குழுவின் தொலைபேசிப் பட்டியலில் அவர் மனைவியின் எண் இருந்ததா என்பதே ஐயம். இத்தகையோர் தம் பிரிவு எதுவாயினும் வீட்டுக்கு அருகில் நடக்கும் மீள்இணைப்புக் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். அங்கே அவருக்கு ஊதியமும் உண்டு, ஆலோசகர்களும் உண்டு. அதே சாலையில் அதே வண்டியில் உடன் அமர்ந்து சென்றவர் மட்டும் அந்த அறையில் இருக்கமாட்டார்.