கம்பத்தின் உச்சியில் ஓர் ஆள்

இரண்டு மணி நேரப் படத்தில் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது ஒரு காட்சியைத்தான். பாலைவனத்தில் கார்கள் சீறிப் பாய்கின்றன. அவற்றின் மேல் மூங்கில்போல் வளையும் நெடிய கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஓர் ஆள். கம்பம் சாய்ந்து பக்கத்தில் ஓடும் டேங்கர் லாரிக்கு மேலே வந்ததும், உச்சியில் இருப்பவன் கையை நீட்டி, வண்டியிலிருக்கும் பெண்ணை அள்ளிக்கொண்டு போய்விடுகிறான். 2015-ல் ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ வந்தபோது, தியேட்டரில் எனக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன், “எல்லாம் கிராஃபிக்ஸ் சார்” என்றான். நானும் தலையாட்டினேன்.

இரண்டு பேரும் தப்பு. அந்தக் கம்பங்கள் நிஜம், ஆட்களும் நிஜம், வண்டிகள் ஓடியதும் நிஜம். ஓடுகிற வண்டியில் இதைச் செய்ய முடியாது என்றுதான் இயக்குநரே முதலில் நினைத்திருந்தார். படத்தின் ஸ்டன்ட் மாஸ்டர் விடவில்லை. கம்பத்தின் அடியில் கனத்த எடையைக் கட்டினார். நம் ஊர் ஏற்றத்தின் துலா எந்தக் கணக்கில் ஏறி இறங்குமோ அதே கணக்கு. ஆட்களைப் பழக்கி, ஓடும் வண்டிகளில் ஆடவிட்டு, படம் பிடித்துக் காட்டினார். அதன் பிறகுதான் காட்சி உறுதியானது.

அந்த ஸ்டன்ட் மாஸ்டரைப் பற்றித் தெரிந்த பிறகு எனக்கு இந்தப் படமே வேறாகிவிட்டது. இதே வரிசையில் 1981-ல் வந்த இரண்டாம் படத்தில் அவர் இளம் ஃபைட்டர். பைக்கில் வந்து மோதித் தூக்கி எறியப்பட வேண்டிய ஷாட். பறக்கும்போது கால் காரில் அடித்து, உடம்பு சக்கரம்போலச் சுழன்று விழுந்தார். கால் முறிந்தது. அந்த ஷாட் படத்தில் அப்படியே இருக்கிறது, இன்றைக்கும் பார்க்கலாம். முப்பது வருஷம் கழித்து, இத்தனை பேரைக் கம்பத்தில் ஏற்றி, பத்திரமாக இறக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

படத்தின் பலம் இந்தக் கவனத்தில்தான் இருக்கிறது. திரைக்கதையை எழுதும் முன்பே ஏறத்தாழ 3,500 சித்திரங்களாகப் படத்தை வரைந்து வைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் படப்பிடிப்புக்குப் பார்த்து வைத்திருந்த வறண்ட நிலத்தில் மழை பெய்து பூ பூத்துவிட, மொத்தப் படையும் நமீபியாவுக்குப் போனது. எடுத்தது 480 மணி நேரக் காட்சி. அதில் 2,700 துண்டுகளை ஒட்டி இரண்டு மணி நேரமாக்கியவர் அதுவரை ஆக்‌ஷன் படம் எதையும் வெட்டியிராத எடிட்டர். இத்தனை வெட்டு இருந்தும் கண் வலிப்பதில்லை. முக்கியமானது எதுவோ அதைத் திரையின் நடுவிலேயே வைத்து எடுத்திருக்கிறார்கள். ஷாட் மாறினாலும் கண் அலைய வேண்டியதில்லை. இப்போது வரும் சண்டைக் காட்சிகளில் யார் யாரை அடித்தார் என்றே தெரியாமல் வெளியே வருகிறோம். அதனால்தான் இந்தப் பாடத்தை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பலவீனம் கதையில். கொடுங்கோலனிடமிருந்து தப்பிப் போகிறார்கள், பிறகு அதே வழியில் திரும்பி வருகிறார்கள். தலைப்பில் பெயர் உள்ள நாயகன் படத்தின் தொடக்கத்தில் பிறருக்கு ரத்தம் தரும் ‘ரத்தப் பை’யாகக் காரின் முன்னால் கட்டப்பட்டுக் கிடக்கிறான். அவன் கண்முன் வந்து வந்து போகும் சிறுமி யார் என்பதற்கு விடை இல்லை. தப்பி ஓடும் ஐந்து பெண்களில் இருவர் தவிர மற்றவர்கள் மனதில் நிற்பதில்லை. எனக்குப் பெரிய குறை தண்ணீர் விஷயம். பாறைக்கோட்டையின் மேலிருந்து ஒரு நிமிஷம் நீரைத் திறந்துவிட்டு, தண்ணீருக்கு அடிமையாகிவிடாதீர்கள் என்று கீழே நிற்கும் கூட்டத்துக்கு உபதேசம் செய்கிறான் கொடுங்கோலன். எவ்வளவு பயங்கரமான தொடக்கம்! ஆனால் பாத்திரம் ஏந்தி நின்ற அந்த மக்களைப் படம் கடைசிக் காட்சிவரை திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் மதகு திறக்கிறது. இனி யார் பங்கிடுவார்கள், எவ்வளவு நாள் வரும் என்று ஒரு வரிகூட இல்லை.

இந்தக் குறைகளையெல்லாம் மன்னித்துவிடலாம். மனதை அறுப்பது வேறு. படம் ஆறு ஆஸ்கர் வாங்கியது: எடிட்டிங், ஆடை, ஒப்பனை, அரங்கம், ஒலிக்கு இரண்டு. கம்பத்தில் தொங்கியவர்களுக்கு எதுவும் இல்லை. கொடுக்க மனமில்லை என்பதல்ல, அப்படி ஒரு பிரிவே கிடையாது. 2027-ல் வெளியாகும் படங்களுக்கு, 2028 விழாவில்தான் ஸ்டன்ட் வடிவமைப்புக்கு முதல் ஆஸ்கர் தரப்போகிறார்கள். அது நூறாவது விழா. நம் தேசிய விருதில் 2017-லேயே சண்டைப் பயிற்சிக்கு இடம் கொடுத்துவிட்டோம். ஒரு மலையாளப் படம் முதலில் பெற்றது. பெருமைப்பட வேண்டிய விஷயம், நம்மில் பலருக்குத் தெரியாது.

அங்கீகாரம் வந்துசேரும் நேரத்தில் வேலையே கையைவிட்டுப் போய்விடுமோ என்பதுதான் என் பயம். 2023-ல் ஹாலிவுட் நடிகர்கள் நான்கு மாதம் நடத்திய வேலைநிறுத்தத்தில், கும்பலில் நிற்பவர்களின் உடலை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு கணினியில் பயன்படுத்துவது பெரிய பிரச்சினையாக இருந்தது. கும்பலில் நிற்பவருக்கே இந்த நிலை என்றால், முகத்தை மறைத்துக்கொண்டு விழுவதையே தொழிலாகக் கொண்ட டூப் என்ன ஆவார்? அவரை எடுத்துவிட்டால் கண்டுபிடிக்கப் போவது யார்? 2024-ல் இதே வரிசையில் வந்த ‘ஃபியூரியோசா’வில் அருமையான துரத்தல்கள் இருந்தும், பல இடங்களில் உடம்புக்கு எடையில்லாத மாதிரி எனக்குத் தோன்றியது.

கணினியில் செய்தால் யாருக்கும் எலும்பு முறியாதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனால் ‘ஃபியூரி ரோட்’டிலும் கணினி வேலை செய்த ஷாட்கள் ஏறத்தாழ 2,000. மணல் புயல் அதில் வந்தது, ஒரு கை இல்லாத நாயகியாக நடித்தவரின் இடக்கை அதில் மறைந்தது. சண்டைக் காட்சிகளில் அதற்கிருந்த முக்கிய வேலை, ஆட்களை இழுத்துப் பிடித்திருந்த ரோப்பை ஒவ்வொரு ஃபிரேமாக அழிப்பது. பின்னால் அழித்துவிடலாம் என்பதால் தடித்த ரோப்பையே கட்ட முடிந்தது. அதாவது ஆளைக் காப்பாற்றவும் கணினி உதவும். படப்பிடிப்புக்குக் காசு போடுகிறவர்கள் இந்த ஒரு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்று கையெடுத்துக் கேட்கத் தோன்றுகிறது. ஒத்திகைக்கு நாள் கொடுங்கள், ரோப்புக்கு ஆள் கொடுங்கள்.

அன்று படம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். பையனும் நானும் எழுந்து, வரிசையில் நின்று வெளியேறினோம். ஸ்டன்ட் கலைஞர்களின் பெயர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. போன வாரம் வீட்டில் மறுபடி போட்டபோது அந்தப் பட்டியலை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். நீளமான பட்டியல்.