ஆட்டுக்கல் குழியில் ஒரு சயின்ஸ் பாடம்!

'கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து பாகங்களைக் குறி.' பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் உங்கள் பிள்ளை முழு மார்க் வாங்கிவிடுவான். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு... நாலு படம், நாலு அம்புக்குறி. அதே பிள்ளையைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், கிரைண்டர் வந்த பிறகு யாரும் சீண்டாமல் கிடக்கிற ஆட்டுக்கல்லைக் காட்டுங்கள். குழியில் மழைத்தண்ணீர் நிற்கும். அதில் நெளிவதைக் காட்டி, "என்னடா இது?" என்று கேளுங்கள். "ஏதோ பூச்சிப்பா!" என்பான்.

கேலிக்காகச் சொல்லவில்லை. காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கி வருகிறவர்களிடம், "வீட்டில் தண்ணீர் எங்கெல்லாம் தேங்குது?" என்று கேட்பேன். "எங்க வீடு ரொம்ப சுத்தம் டாக்டர். தெருச் சாக்கடைதான் காரணம்" என்பார்கள். சாக்கடைக் கொசு வேறு ஜாதி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது நம் வீட்டுத் தெளிந்த தண்ணீரை! ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், மூடி உடைந்த மாடி டேங்க், வாசலில் கிடக்கும் கொட்டாங்கச்சி... இவையெல்லாம் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. அது கடிப்பது பெரும்பாலும் பகலில். அதிக தூரமும் பறக்காது. உங்களைக் கடித்த கொசு உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

இப்போது சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எதற்கு? "நீட் எழுத, இன்ஜினீயர் ஆக" என்பீர்கள். வகுப்பில் எத்தனை பேர் டாக்டராகப் போகிறார்கள்? மற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் வீணா? 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் நம் அரசியல் சட்டத்தில் குடிமக்களின் கடமைகளைச் சேர்த்தபோது, அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்கும் குணத்தையும் வளர்த்துக்கொள்வதும் ஒரு கடமை என்று எழுதினார்கள். டாக்டருக்கு மட்டும் என்று எழுதவில்லை.

சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு எண்வகைத் தேர்வு என்று ஒரு பாடம். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம்... இந்த எட்டையும் பார்த்துவிட்டுத்தான் மருந்துப் பேச்சு. பார்ப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும் என்பது அங்கே படிந்தது. (இன்றைக்கு என்னிடம் வருகிற பாதிப் பேர், வாட்ஸ்அப்பில் மருந்தையும் முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். நாடி பார்ப்பது சும்மா மரியாதைக்கு!)

சாதாரண ஜனங்களே பார்த்து, எண்ணி, எழுதி விஞ்ஞானிகளுக்கு உதவுவதை 'குடிமக்கள் அறிவியல்' என்கிறார்கள். ஸ்பெயினில் 2014-ல் 'மாஸ்கிட்டோ அலர்ட்' என்று ஒரு செயலியைத் தொடங்கினார்கள். கொசுவைப் பார்த்தால் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டியதுதான். 2018-ல் அந்நாட்டின் வடக்கே அஸ்தூரியாஸ் பகுதியில் இருந்து ஒருவர் அனுப்பிய படத்தைப் பார்த்து நிபுணர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஸ்பெயினில் அதுவரை யாருமே பார்த்திராத ஏடிஸ் ஜப்போனிகஸ் கொசு! நேரில் போய்த் தேடினார்கள். இருந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது நிகரகுவா, மெக்சிகோ மக்கள் செய்த காரியம். அங்கே குடும்பங்களுக்கு அவரவர் வீட்டுத் தண்ணீரில் இருக்கும் கொசுப்புழுவைக் கண்ணால் காட்டினார்கள். என்ன செய்யலாம் என்று அந்தந்தப் பகுதி ஜனங்களே கூடி முடிவு செய்தார்கள். இப்படிச் செய்யாத பகுதிகளோடு ஒப்பிட்டதில், பிள்ளைகளிடம் டெங்குத் தொற்று ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்த ஆய்வு வெளிவந்தது.

நம் வீட்டில் என்ன செய்யலாம்? ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையிடம் ஒரு வெள்ளைக் கிண்ணம், கரண்டி, டார்ச், நோட்டு கொடுங்கள். தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் ஒரு கரண்டி மொண்டு கிண்ணத்தில் விட்டு, புழுக்களை எண்ணட்டும். தேதி, இடம், எண்ணிக்கை... மூன்றே கட்டம் போதும். தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது க்யூலெக்ஸ். தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடந்தால் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் வகை. வாரம் தவறாமல் ஏன் பார்க்க வேண்டும்? நம் ஊர் வெயிலுக்கு முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும்.

"தண்ணியைக் கவிழ்த்துட்டேன், முடிஞ்சது" என்று கையைத் துடைத்துக்கொள்ளாதீர்கள். ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்தால்தான் போகும். தேய்த்த தொட்டியிலும் வெறுமனே கவிழ்த்த தொட்டியிலும் அடுத்தடுத்த வாரங்களில் எத்தனை புழு என்று பிள்ளையே எண்ணிப் பார்க்கட்டுமே.

"நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறோமே, இதெல்லாம் எதுக்கு டாக்டர்?" என்கிறவர்களும் உண்டு. காய்ச்சலுக்கு நானே அதைத் தருகிறேன். ஆனால், குடிநீர் குடித்தவர் வீட்டு ஆட்டுக்கல்லில் கொசு முட்டையிடாதா என்ன? கஷாயம் வேறு வேலை, நார் வேறு வேலை.

யாருக்காவது காய்ச்சல் வந்துவிட்டால் அதே நோட்டைப் புரட்டி, மணி, காய்ச்சல் எத்தனை டிகிரி, எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார், எத்தனை தடவை சிறுநீர் போனார் என்று எழுதுங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். ஆஸ்பிரின், ப்ரூஃபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும். அப்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். தாங்க முடியாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை சுருண்டு படுத்துக்கொள்வது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது... இதில் ஒன்று தெரிந்தாலும் கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காதீர்கள். நோட்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.