ஒரே ஆள் வாசித்த இசைக்குழு

2003இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரிலிருந்து 'தியாக்ரசி' என்றொரு ஆல்பம் வந்தது. இசைக்குழுவின் பெயரும் அதுவே. குழு என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். பாட்டு எழுதியது, பாடியது, கிட்டாரும் பேஸும் கீபோர்டும் வாசித்தது எல்லாம் மாட் ஸ்மித் என்ற ஒருவர். டிரம்ஸ் அடிக்க ஆள் இல்லை. அதைப் புரோகிராம் செய்துகொண்டார்.

ஆல்பம் பவர் மெட்டல் வகை. இந்த வகைக்கு அச்சு வார்த்துக் கொடுத்தது 1987இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஹெலோவீன் குழு வெளியிட்ட 'கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்' முதல் பாகம். டிரம்மர் இரண்டு கால்களாலும் பேஸ் டிரம்மை விடாமல் உதைப்பார். இரண்டு கிட்டார்கள் சேர்ந்து ஒரு மெட்டை மேலும் கீழுமாக வாசிக்கும். குரல் உச்சத்தில் நிற்கும். கோரஸ் வந்தால் கூட்டமே பாட வேண்டும். கோபத்தையும் இருட்டையும் நம்பும் மற்ற மெட்டல் வகைகளுக்கு நடுவே இது வெற்றிக் களிப்பின் இசை. பாடுபொருளும் அப்படித்தான்: வாள், வீரன், டிராகன், ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போர்.

அப்படியானால் கிறிஸ்தவர்கள் இதைக் கையில் எடுத்ததில் ஆச்சரியம் ஏது? பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்தாலே ஏழு தலையும் பத்துக் கொம்பும் கொண்ட வலுசர்ப்பம் நிற்கிறது. கிறிஸ்தவரான ஸ்மித்தும் வேதாகமத்தை விட்டு அதிகம் நகரவில்லை. 'தி செர்பென்ட்ஸ் கிஸ்', 'நியூ ஜெருசலேம்' என்ற தலைப்புகளைப் பார்த்தாலே போதும், ஆதியாகமத்தில் தொடங்கி கடைசிப் புத்தகம் வரை போகிறார்.

ஆனால் கிறிஸ்தவ மெட்டலுக்கு இரண்டு பக்கமும் இடி. 1980களில் கலிபோர்னியாவின் ஸ்ட்ரைப்பர் குழு மேடையிலிருந்து பைபிள்களைக் கூட்டத்துக்குள் வீசியபோது, ஜிம்மி ஸ்வாகர்ட் போன்ற தொலைக்காட்சிப் பிரசங்கிகள் கிறிஸ்தவ ராக்கையே கடுமையாகச் சாடினார்கள். மெட்டல் ரசிகர்களோ பிரசங்கம் கேட்கவா டிக்கெட் வாங்கினோம் என்றார்கள். போதாததற்கு, 2003இல் பவர் மெட்டலின் சந்தை ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருந்தது. அமெரிக்காவில் அதற்குப் பெரிய மவுசு இல்லை. சிறிய நிறுவனம் வெளியிட்ட, டிரம்மரே இல்லாத ஒரு முதல் ஆல்பம் கண்ணில் படாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இனி அதன் குறைக்கு வருவோம், ஏனென்றால் சுவையும் அங்கேதான் இருக்கிறது. சிறிய முன்னிசைக்குப் பின் 'இக்தூஸ்' என்ற பாட்டு பாய்ந்து வருகிறது. ஹெலோவீன் ரசிகர் உடனே எழுந்து உட்காருவார். அவர் மூச்சு வாங்குவதற்குள் பத்து நிமிடத்தைத் தாண்டும் 'தி செர்பென்ட்ஸ் கிஸ்'. பிறகு ஒரு பாட்டு திராஷ் மெட்டல் போல் கனமாக அறுக்கும், இன்னொன்று புரோக்ரசிவ் ராக் போல் தாளத்தை மாற்றி மாற்றிப் போகும், நடுவே மெல்லிய கிட்டாரோடு அமைதியான பகுதிகள், பின்னால் குவீன் குழுவை நினைவூட்டும் அடுக்குக் குரல்கள். ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டால் சரி. வரிசையாகக் கேட்டால், பந்தியில் பாயசத்தை முதலில் ஊற்றிவிட்டு நடுவில் மறுபடி சாம்பார் கொண்டுவந்தது போல இருக்கிறது.

காரணம் திறமை இல்லாதது அல்ல, கூட ஆள் இல்லாதது. நான்கு பேர் இருக்கும் குழுவில் யாராவது ஒருவர், "இந்த இடம் நீளம், வெட்டு" என்பார். டிரம்மர், "இந்த வேகத்தில் அடிக்க முடியாது" என்பார். தனியாக வேலை செய்பவரை யார் தடுப்பது? பல வருட ஆசையும் ஒரே தட்டில் ஏறிவிடுகிறது. அடுக்குக் குரல்களும் அப்படித்தான்: எத்தனை அடுக்கு ஏற்றினாலும் தொண்டை ஒன்றுதான். எனக்கு அது பிடிக்கும். பாடகர் குழுவில் கிடைக்காத ஒட்டுதல் அதில் இருக்கிறது.

புரோகிராம் செய்த டிரம்ஸ் வேகமான பாட்டுகளில் அவ்வளவாக உறுத்தாது. பவர் மெட்டலில் உயிருள்ள டிரம்மரே கிட்டத்தட்ட இயந்திரமாகத்தான் அடிப்பார். மெதுவான பகுதிகளில்தான் குட்டு வெளிப்படும். அங்கே ஒரு அடி பலமாகவும் அடுத்தது தயங்கியும் விழ வேண்டும்.

2013இல் ஸ்வீடனின் அல்டீரியம் நிறுவனம் ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட்டது. குழுவில் பின்னர் சேர்ந்த ஷான் பென்சன் டிரம்ஸை நிஜமாக வாசித்தார். ஒலி நன்றாக இறுகியது. ஆனால் பாணிகளின் இழுபறி அப்படியே நின்றது. ஆக, கோளாறு இயந்திரத்தில் இல்லை, பாட்டுகளைக் கட்டிய விதத்தில் இருந்தது. 2008இல் ஸ்மித்தோடு பென்சனும் கிட்டாரிஸ்ட் ஜொனாதன் ஹைண்ட்ஸும் சேர்ந்து வாசித்த 'மிரர் ஆஃப் சோல்ஸ்' ஆல்பம் இதற்குச் சாட்சி. அங்கே ஏழு பாட்டுகள் முடிந்த பிறகுதான் 22 நிமிடத் தலைப்புப் பாட்டு வருகிறது. கேட்பவர் அதற்குத் தயாராகியிருப்பார்.

இந்தக் குழுவின் சிறந்த ஆல்பம் எது என்று கேட்டால் நான் 'மிரர் ஆஃப் சோல்ஸ்' என்றுதான் சொல்வேன். ஆனாலும் முதல் ஆல்பத்தை விட்டுவிடாதீர்கள். 2013 பதிப்பை எடுங்கள், 'இக்தூஸ்' கேளுங்கள், நேராகக் கடைசிப் பாட்டான 'ட்விஸ்ட் ஆஃப் ஃபேட்' போங்கள். அந்த இரண்டும் பிடித்தால் நடுவில் உள்ளவற்றை ஒரு நாளைக்கு ஒன்றாகக் கேட்கலாம்.